லாரியில் ஒன்று ஏற வேண்டும்

ஹோல்ம்பி மாவட்டத்தில் குழந்தைகளுக்குப் பொறுப்புணர்ச்சி ஆகஸ்ட் மாதத்தில் வரும். அதற்கு முன்னால் வந்துவிட்டால் கழகம் அதை ஏற்றுக்கொள்வதில்லை.

கழகம் என்றால் இளையோர் கால்நடைக் கழகம். அமெரிக்காவில் நெப்ராஸ்கா மாநிலத்தின் சோளக் காடுகளுக்கு நடுவே கிடக்கும் அந்த மாவட்டத்தில் தேவாலயங்கள் நிறைய உண்டு. ஒன்றின் போதகரைப் பிடிக்கவில்லை என்றால் இன்னொன்றுக்குப் போய்விடலாம். கழகம் ஒன்றுதான் உண்டு. அதைப் பற்றி யாரும் குறை சொல்லி லீலண்ட் டிராஸ்கி கேட்டதில்லை. அதன் பேச்சு வந்தால் ஜனங்கள் மழை வருமா என்று ஒருவரையொருவர் விசாரிப்பார்கள்.

லீலண்ட் பள்ளிக்கூட பஸ்களைப் பழுதுபார்ப்பவன். ஊர்ச் சலவைக் கடையின் மாடியில் இரண்டு அறை வீட்டில் மகள் பிரினோடு குடியிருந்தான். மனைவி ஓமஹா நகரத்துக்குப் போய் வேறொருவரோடு இருந்தாள். அவள் போனதிலிருந்து பன்னிரண்டு வயதுப் பிரின் எதையும் ‘என்’ என்று சொல்வதில்லை. தன் கோட்டைக்கூட ‘அந்தக் கோட்டு’ என்பாள். அந்த வசந்த காலத்தில் டெல்ஃபின் ஹாகியின் பண்ணைக்கு டிராக்டர் பார்க்கப் போன அப்பாவோடு கூடப் போனவள், வெள்ளை முகமும் செந்நிற உடம்புமாக நின்ற ஒரு கிடாரியின் கழுத்தில் கை வைத்துக்கொண்டு, அவன் வேலை முடியும் வரை அப்படியே நின்றாள். திரும்பும் வழியில், “என் கிடாரிக்கு பார்லின்னு பேரு,” என்றாள்.

லீலண்ட் வண்டியின் வேகத்தைக் குறைத்தான். அந்த ஒரு சொல் உடைந்துவிடாமல் வீடு போய்ச் சேர வேண்டும் என்று இருந்தது அவனுக்கு.

நிலமில்லாத வீட்டுப் பிள்ளைகள் பண்ணைக்காரர்களிடம் மாட்டைக் குத்தகைக்கு வாங்கி, கோடை முழுவதும் பராமரித்து, மாவட்டக் கண்காட்சியில் நிறுத்துவதற்குக் கழகத்தில் ஒரு திட்டம் இருந்தது. தேவாலயத்தின் கீழ்த்தளத்தில் நடந்த கூட்டத்துக்கு லீலண்ட் போனான். தலைவர் ஹார்லன் வீஸ் நீல மேல்சட்டை போட்டிருந்தார். அவரைச் சுற்றி உட்கார்ந்திருந்த எல்லோரும் நீல மேல்சட்டை போட்டிருந்தார்கள். எல்லோரும் அவனைப் பார்த்து ஒரே அளவில் சிரித்தார்கள்.

லீலண்ட் ஒரே ஒரு கேள்விதான் வைத்திருந்தான். கண்காட்சியின் கடைசி நாளில் இறைச்சிக் கூடத்து லாரி வரும் என்பது ஊரில் எல்லோருக்கும் தெரியும். இறைச்சிக்கென்று வளர்க்கும் காயடித்த காளைகளை ஏலம் விட்டு அதில் ஏற்றுவார்கள். வளர்த்த பிள்ளையே கயிற்றைப் பிடித்து ஏற்றிவிட வேண்டும்.

“குத்தகை மாடு லாரியில ஏறாதுல்ல?” என்று கேட்டான்.

“ஏறவே ஏறாது,” என்றார் ஹார்லன். “குத்தகை மாடு வந்த வழியே வீடு திரும்பும். இங்க எதுவும் காணாமப் போறதில்ல, லீலண்ட். எது எங்க போகணுமோ அங்க போகும். அவ்வளவுதான்.”

பக்கத்தில் இருந்த டெல்ஃபின் குத்தகைக் காகிதத்தில் கையெழுத்துப் போட்டாள். வருஷா வருஷம் யாருக்காவது மாடு விடுகிறவள் அவள்.

“படிச்சுப் பார்க்க மாட்டீங்களா?” என்றான் லீலண்ட்.

“படிச்சா யாராச்சும் போடுவாங்களா?” என்றாள் டெல்ஃபின். “போடுப்பா, காபி ஆறுது.”

ஜூன் மாதம் கழகத்தின் செயலாளர் வெர்லா வீடு பார்க்க வந்தாள். கையில் ஒரு டப்பா நிறைய பிஸ்கட் கொண்டு வந்திருந்தாள். அதைப் பிரினிடம் கொடுத்துவிட்டு அறை நடுவில் நின்று சுற்றிலும் பார்த்தாள்.

“மாடு எங்க?”

“டெல்ஃபின் பண்ணையில. தினமும் சாயங்காலம் பிரின் போய் வர்றா.”

“அது தெரியும்ப்பா. இந்த வீட்டுல மாடு எங்க இருக்குன்னு கேக்கறேன்.”

லீலண்ட் தானும் ஒருமுறை சுற்றிப் பார்த்தான். வெர்லா பிரினின் படுக்கைக்குப் போய்த் தலையணையை எடுத்து முகர்ந்தாள். கண்ணை மூடி, கொஞ்ச நேரம் அப்படியே இருந்தாள்.

“சோப்பு வாசனை வருது.”

“கீழ சலவைக் கடை. சுவரெல்லாம் அந்த வாசனைதான்.”

“நான் குத்தம் சொல்லலப்பா,” என்றாள் வெர்லா. உண்மையாகவே வருத்தப்பட்டாள். “ஆனா மத்த பிள்ளைங்க தலையணையில மாடு இருக்கு. உங்க பிள்ளை தலையணையில இல்ல. நடுவர் கேட்டா நான் என்ன சொல்லட்டும்?”

அன்றிலிருந்து பிரின் பண்ணைக்குப் போட்டுக்கொண்டு போகும் சட்டையைத் துவைக்க விடவில்லை. அதையே தலைக்கு வைத்துப் படுத்தாள். சாப்பாட்டு மேஜையில் விதிகளை ஒப்பித்தாள். மாட்டை நிறுத்தும்போது முன்கால்கள் எப்படி இருக்க வேண்டும், நடுவரைப் பார்த்து எந்த அளவுக்குச் சிரிக்கலாம், மாடு மிதித்தால் எந்தப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு வலியைக் காட்ட வேண்டும். லீலண்ட் கேட்டுக்கொண்டே உருளைக்கிழங்கை மென்றான். மகள் பேசுகிறாளே என்று சந்தோஷமாக இருந்தது. பேசுவது மகளா என்று சில சமயம் சந்தேகமாகவும் இருந்தது.

“கையில இருக்கற கயிறுதான் சாட்சி,” என்றாள் ஒருநாள்.

“அப்படின்னா?”

“மாடுகளை நிறுத்தற வளையத்துல போட்டி முடியறப்ப எந்த மாட்டோட கயிறு யார் கையில இருக்கோ, அது அவங்க மாடு. முன்னாடி சில வீட்டுல அடுத்தவங்க மாட்டை நம்ம மாடுன்னு பொய் சொல்லி நிறுத்தினாங்களாம். காகிதம் பொய் சொல்லும், வாய் பொய் சொல்லும், கயிறு சொல்லாதாம். ஹார்லன் அங்கிள் சொன்னாரு.”

நல்ல விதியாகத்தான் பட்டது.

கண்காட்சி வந்தது. பார்லியைக் குளிப்பாட்டி, காற்று ஊதும் இயந்திரத்தால் ரோமத்தை உலர்த்தி, வாலைச் சீவி, பிரின் அதை மரத்தூள் பரப்பிய வளையத்துக்குள் கூட்டிப் போனாள். பார்லி அவள் தோளில் மூக்கை வைத்துக்கொண்டே நடந்தது. மரப்படிகளில் டெல்ஃபினுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த லீலண்ட் நன்றாகப் பார்க்க முன்னால் சாய்ந்தான்.

“அங்க பாருடா, அது உன் பொண்ணைத் தன்னோட கன்னுக்குட்டின்னு நெனச்சுக்கிட்டிருக்கு,” என்றாள் டெல்ஃபின். “அடுத்த வருஷம் ஈனும். பிரினை வந்து பக்கத்துல நிக்கச் சொல்லு.”

கடைசிச் சுற்றில் சிலரே மிஞ்சினார்கள். பிரினுக்கு அடுத்து நின்றவள் தலைவர் ஹார்லனின் மகள் ஆட்ரா. அவளிடம் இருந்தது கர்னல் என்ற கறுப்புக் காளை, மறுநாள் ஏலத்துக்கும் லாரிக்கும் உரியது. ஆட்ராவின் கண்கள் வீங்கியிருந்தன. தூசி என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தாள்.

நடுவர் கையை உயர்த்தினார். “பக்கத்துல இருக்கறவங்களோட மாட்டை மாத்திக்கோங்க.”

எல்லாக் கண்காட்சியிலும் வழக்கமாகச் செய்வதுதான். பழக்கமில்லாத மாட்டைப் பிள்ளை எப்படிக் கையாள்கிறது என்று நடுவர் கொஞ்ச நேரம் பார்ப்பார். பிறகு திருப்பி மாற்றிக்கொள்ளச் சொல்வார். பிரின் கர்னலின் கயிற்றை வாங்கினாள். ஆட்ரா பார்லியின் கயிற்றை வாங்கினாள்.

அப்போதுதான் வானம் பச்சையாக மாறியிருந்ததைப் படிகளில் இருந்தவர்கள் கவனித்தார்கள். காற்று நின்றுவிட்டிருந்தது. சூறாவளி எச்சரிக்கைச் சைரன் ஊதத் தொடங்கியது.

பிரின் கர்னலின் கயிற்றை நீட்டினாள். லீலண்ட் அதைத் தெளிவாகப் பார்த்தான். ஆட்ரா நீட்டிய கையைப் பார்த்தாள், வானத்தைப் பார்த்தாள், பிறகு பார்லியை இழுத்துக்கொண்டு விறுவிறுவென்று கொட்டகைப் பக்கம் போய்விட்டாள். வளையத்தின் வாசலில் நின்றிருந்த ஹார்லனும் அதைப் பார்த்தார். அவர் கண்ணாடியைக் கழற்றி, நிதானமாகத் துடைத்து, ஆட்ரா மறைந்த பிறகு மாட்டிக்கொண்டார்.

சூறாவளி வரவில்லை. கொஞ்சம் ஆலங்கட்டி விழுந்து வெயில் அடித்தது. கொட்டகைக்குள் எல்லோரும் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தபோது லீலண்ட் வெர்லாவைத் தேடிப் போனான்.

“மாடு மாறிப்போச்சு. சைரன் ஊதினதுல திருப்பி மாத்திக்க முடியல. பார்லி ஆட்ராகிட்ட இருக்கு.”

“ஆட்ராவோட மாடு ஆட்ராகிட்ட இருக்கு,” என்றாள் வெர்லா. “சைரன் ஊதினதும் போட்டி முடிஞ்சுது. முடியறப்ப கையில என்ன கயிறு இருந்துச்சு?”

“அம்மா, அது கறுப்புக் காளை. இது சிவப்புக் கிடாரி.”

“வலியுறுத்திச் சொல்றீங்க, புரியுது,” என்று அவன் முழங்கையைத் தட்டிக்கொடுத்தாள். “ஏதாவது சாப்பிட்டீங்களா?”

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை காலையில் ஏலத்துக்கு முன்னால் கால்நடை மருத்துவர் காளைகளைப் பரிசோதித்தார். வரிசையில் ‘வீஸ், ஆட்ரா, காளை’ என்று அழைத்தபோது பார்லி போய் நின்றது. மருத்துவர் குனிந்து அதன் பின்னங்கால்களுக்கு நடுவே பார்த்தார். நிமிர்ந்து, ஹார்லனின் மேல்சட்டையைப் பார்த்தார். திரும்பவும் குனிந்து பார்த்தார்.

“என் அனுபவத்துல இவ்வளவு சுத்தமா காயடிச்ச காளையை நான் பார்த்ததில்ல,” என்றார்.

கூட்டம் கை தட்டியது. ஊர்த் தானியக் கிடங்குக்காரர் அதை ஏலத்தில் எடுத்தார். காளை கொஞ்சம் மெலிவுதான், ஆனால் முகம் சாதுவாக இருக்கிறது என்று அவர் சொன்னார்.

டெல்ஃபின் கொட்டகை அதிரக் கத்தினாள். அந்த மாவட்டத்தில் யாரும் கத்துவதில்லை என்பதால் எல்லோரும் அவளுக்காக வெட்கப்பட்டார்கள். மேல்சட்டை போட்ட இருவர் இரண்டு பக்கமும் வந்து, அக்கா அக்கா என்று கைத்தாங்கலாக, ஆப்பிள் பை என்னும் பழப் பலகாரத்துக்குப் போட்டி நடந்த கூடாரத்துக்கு அவளை அழைத்துப் போனார்கள். அவள் புகாரின் மேல் விசாரணையும் அங்கேதான் நடந்தது. ஒவ்வொரு பலகாரத்திலும் நடுவர்கள் ஒரு துண்டு வெட்டித் தின்ற காயம் இருந்தது. அவற்றுக்குப் பின்னால் கழகத்தின் குழு வரிசையாக உட்கார்ந்திருந்தது.

“குத்தகைக்கு விட்டது சினைக்கு நிக்க வேண்டிய கிடாரி,” என்றாள் டெல்ஃபின். “திருப்பித் தர்றது காயடிச்ச காளை. அதை வெச்சு நான் என்ன பண்ணட்டும்? பாட்டு சொல்லித் தரட்டுமா?”

“ஒரு மாடு வாங்கினோம், ஒரு மாடு திருப்பித் தர்றோம்,” என்றார் ஹார்லன். “வாங்கினதைவிட எடையும் கூட. கழகத்தால உங்களுக்கு நஷ்டமே இல்லம்மா.”

“யோவ், உன் பொண்ணு வேணும்னே கயிறைத் திருப்பிக் குடுக்கல. நீயும் பார்த்த.”

ஹார்லனின் குரல் கனிவாக இருந்தது.

“ஆட்ரா ஏன் அப்படிச் செஞ்சாள்னு தகப்பனா எனக்குத் தெரியும். ராத்திரி எல்லாம் அந்தக் காளையோட கொட்டில்லதான் படுத்துக்கெடந்தா. தலைவரா எனக்குத் தெரியாது. இந்த மேல்சட்டையைப் போட்டிருக்கறப்ப நான் தலைவர். என் பொண்ணுக்குச் சாதகமாவோ பாதகமாவோ ஒரு வார்த்தை சொன்னா, அப்புறம் இந்தக் கழகத்துல நியாயம் எங்க இருக்கும்? என் மனசுல இரக்கம் இருக்கு. எல்லார் மனசுலயும் இருக்கு. அதனாலதான் அது யார் கையிலயும் சிக்காதபடி விதி எழுதி வெச்சிருக்கோம்.”

“அப்ப அந்தச் சட்டையைக் கழட்டுய்யா. நான் தகப்பன்கிட்ட பேசணும்.”

“கண்காட்சி முடியற வரைக்கும் கழட்டக் கூடாதும்மா.”

வெர்லா பிரினைப் பார்த்துச் சிரித்தாள். “பாப்பா, நீ ஏதாவது சொல்லணுமா? பெரியவங்க பேசினா கணக்குல வராது. நீ சொல்லலாம்.”

பிரின் எழுந்து நேராக நின்றாள். “பார்லி என் மாடு,” என்றாள்.

“ஆட்சேபணையை வளையத்துக்குள்ளயே சொல்லணும்ல, கண்ணு.”

“சைரன் ஊதிச்சு.”

“ஆமா. அது எல்லாருக்கும்தான் ஊதிச்சு.”

பிரின் உட்கார்ந்தாள். பக்கத்து நாற்காலியில் இருந்த ஆட்ரா தன் பூட்ஸையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்போது லீலண்ட், பெரியவர்கள் பேச்சு கணக்கில் வராது என்பதை மறந்து, எழுந்து நின்றான்.

“ரெண்டும் வீட்டுக்குப் போகட்டுமே,” என்றான். “கர்னலும் போகட்டும். கிடங்குக்காரருக்கு அவர் காசைத் திருப்பிக் குடுத்துடலாம். எதுக்கு ஒண்ணு ஏறியே ஆகணும்?”

பலகாரங்களின் மேல் ஈக்கள் நடந்தன. குழுவில் இருந்தவர்கள் அவனைக் கோபமாகப் பார்க்கவில்லை. அவன் வேறு மொழியில் பேசியதுபோல, உதவி செய்ய விரும்பும் முகத்தோடு பார்த்தார்கள். ஒருவர் விதிப் புத்தகத்தைத் திறந்து, எந்தப் பக்கத்தில் தேடுவது என்று தெரியாமல் மூடினார்.

“லீலண்ட்,” என்றார் ஹார்லன் மெதுவாக. “லாரி வந்துடுச்சே.”

வந்துதான் இருந்தது. கொட்டகைக்குப் பின்னால் அதன் எஞ்சின் ஓடும் சத்தம் தரை வழியாக நாற்காலிக் காலுக்கு ஏறியது. மேல்சட்டைக்காரர்கள் எழுந்து, வெளியே போவதற்கு எல்லோருக்கும் வழிவிட்டார்கள்.

ஏற்றும் இடத்தில் காளைகள் வரிசையாக நின்றன. பிள்ளைகள் ஒவ்வொருவராகச் சரிவுப்பலகை வரை கூட்டிப் போய்க் கயிற்றைக் கழற்றிக் கொடுத்தார்கள். அதற்குப் பிறகு பக்கத்தில் போட்டிருந்த வெள்ளைக் கூடாரத்துக்குள் போனார்கள். அது அழுவதற்காகக் கழகம் ஏற்பாடு செய்த கூடாரம். உள்ளே மடக்கு நாற்காலிகளும், விதைக் கடைக்காரர் உபயமாகக் கொடுத்த காகிதக் கைக்குட்டைப் பெட்டிகளும் இருந்தன. வாசலில் வெர்லா நின்று, உள்ளே போகிற பிள்ளைகளின் தலையைத் தடவிக்கொடுத்தாள்.

ஆட்ராவின் முறை வந்தபோது பார்லி பலகையின் அடியில் நின்றுவிட்டது. ஆட்ரா இழுத்தாள். மேல்சட்டைக்காரர்கள் பின்னாலிருந்து தள்ளினார்கள். அது நான்கு கால்களையும் ஊன்றி, கழுத்தைத் திருப்பி, கர்னலின் கயிற்றோடு வேலிப் பக்கம் நின்ற பிரினைப் பார்த்துக் கத்தியது. லாரிக்காரன் மாட்டுக்கு அதிர்ச்சி கொடுக்கும் மின்சாரக் கோலை எடுத்தான்.

லீலண்ட் வேலியைத் தாண்டக் காலைத் தூக்கினான். ஆனால் அதற்குள் பிரின் கர்னலின் கயிற்றை டெல்ஃபினின் கையில் கொடுத்துவிட்டு நடந்துபோயிருந்தாள்.

“அதை வைக்காதீங்க,” என்றாள் லாரிக்காரனிடம். “நான் கூட்டிட்டுப் போறேன்.”

ஆட்ராவின் கையிலிருந்து அவள் கயிற்றை வாங்கவில்லை. வெறுமனே பார்லிக்கு முன்னால் போய் நின்று, திரும்பி, பலகையின் மேல் நடந்தாள். பார்லி அவள் தோளில் மூக்கை வைத்துக்கொண்டு பின்னாலேயே ஏறியது. லாரியின் இருட்டுக்குள் இரண்டு பேரும் கொஞ்ச தூரம் தெரிந்தார்கள், பிறகு தெரியவில்லை. லீலண்ட் வேலியின் மேல் ஒரு காலும் கீழே ஒரு காலுமாக நின்றான். தனக்குப் பின்னால் யாரோ, “எவ்வளவு பொறுப்பான பொண்ணு பாருங்க,” என்று சொல்வது கேட்டது.

பிரின் தனியாக இறங்கி வந்தாள். நேராக வெள்ளைக் கூடாரத்துக்குப் போனாள். வெர்லா குனிந்து அவள் தோளைப் பிடித்தாள்.

“நீ எதுக்குடா கண்ணு இங்க? உன் மாடுதான் வீட்டுக்குத் திரும்பிப் போகுதே. இது மாட்டை ஏத்திவிட்ட பிள்ளைங்களுக்கு.”

உள்ளே ஆட்ரா மடியில் ஒரு கைக்குட்டைப் பெட்டியோடு உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு அழுகை வரவில்லை. யாரோ ஒருவர் அவளுக்குப் பக்கத்தில் மண்டியிட்டு, பரவாயில்லை, மெதுவாக வரட்டும் என்று தைரியம் சொல்லிக்கொண்டிருந்தார். பிரின் கொஞ்ச நேரம் வாசலில் நின்று பார்த்துவிட்டுத் திரும்பினாள்.

பரிசளிப்பில் அவளுக்குச் சிறந்த குத்தகையாளருக்கான ஊதா ரிப்பன் கிடைத்தது. எடுத்த மாட்டை எடை கூட்டித் திருப்பிக் கொடுத்ததற்காக. ஹார்லன் அதை அவள் சட்டையில் குத்திவிடும்போது அவள் முகத்தைப் பார்க்கவில்லை. மேல்சட்டை இன்னும் கழற்றப்படவில்லை.

டெல்ஃபின் கர்னலைத் தன் வண்டியில் ஏற்றிக்கொண்டு, யாரோடும் பேசாமல், தூசி கிளப்பிப் போனாள். லீலண்டும் பிரினும் சோளக் காடுகளுக்கு நடுவே வீடு திரும்பினார்கள். கதிர்கள் சாலையின் இரண்டு பக்கமும் ஆளைவிட உயரமாக, அசையாமல் நின்றன.

“அழணும்னா அழும்மா,” என்றான் லீலண்ட் கடைசியில்.

“வெர்லா ஆன்ட்டி ஒண்ணு சொன்னாங்க,” என்றாள் பிரின். “நான் ரொம்ப நல்லா நடந்துக்கிட்டேனாம். அடுத்த வருஷம் எனக்குக் குத்தகை வேண்டாமாம். கழகமே ஒரு காளைக்கன்னு குடுக்குதாம். சொந்தமாவே.”

சாலை முன்னால் நேராகப் போய்க்கொண்டிருந்தது.

“நீ என்னம்மா சொன்ன?”

“நன்றின்னு சொன்னேன். அப்படித்தான் சொல்லணும்.”

பின்னாலிருந்து நீளமாக ஹாரன் கேட்டது. கண்ணாடியில் லாரி பெரிதாகிக்கொண்டு வந்தது. லீலண்ட் வண்டியை ஓரம் கட்டி நிறுத்தினான். லாரி அவர்களைக் கடந்து போனது. பக்கவாட்டுத் துளைகளில் ஈரமான மூக்குகள் தெரிந்தன, எது யாருடையது என்று தெரியாத வேகத்தில். பிரின் திரும்பிப் பார்க்கவில்லை. நடுவர் முன்னால் நிற்பதுபோல் நிமிர்ந்து, நேராகப் பார்த்துச் சரியான அளவில் சிரித்துக்கொண்டிருந்தாள்.

லாரியின் தூசி அடங்கிய பிறகுதான் லீலண்ட் அவள் மடியைப் பார்த்தான். வலது கை, கயிற்றைப் பிடித்திருப்பதுபோல், இறுக மூடியிருந்தது. அவன் அதைத் தன் கையில் எடுத்து, ஒரு விரலை மெல்லப் பிரிக்கப் பார்த்தான். முடியவில்லை. அடுத்த விரலை முயன்றான். உள்ளே ஒன்றும் இல்லை என்று அவனுக்குத் தெரிந்தது. ஆனாலும் அது திறக்கவில்லை.

“விடும்மா,” என்றான்.

“நான் பிடிச்சிருக்கலப்பா,” என்றாள் பிரின், சிரிப்பு மாறாமல். “அதுவாதான் அப்படி இருக்கு.”